விரல் வைத்தவள்

மூன்று லட்சத்து ஆறாயிரத்து நானூற்றுப் பதினெட்டு ரூபாய்.

கார் கடனுக்குச் செண்பகம் கட்டவேண்டிய பாக்கி அவ்வளவு என்று அச்சடித்த காகிதத்தை ஃபைனான்ஸ் ஆட்கள் இரண்டு பேர் ஷூ கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்று அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் ஆட்கள் வெளியே வருகிற நேரம். நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் அந்த நேரமாகப் பார்த்து வந்திருந்தார்கள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. புருஷன் ஓட்டின வண்டியில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததுகூட ரெண்டு தடவையோ மூணு தடவையோ. அந்தப் புருஷன் செத்து அஞ்சு மாசம் ஆகிறது.

"இன்னாடி செண்பகா, உனக்குப் பத்திரிகை வைக்கிறானுங்களா?"

குர்ஷித் பின்னாலேயே வந்தாள். இரண்டு பேரும் ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து, வருஷக்கணக்கில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவர்கள். புர்கா பட்டனைப் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. காகிதத்தின் அடியில் ஜாமீன்தாரர் என்று போட்டு அவள் பேரும் இருந்தது.

"என் பேர் எதுக்குடி இதுல?"

"நீ கையெழுத்து போட்டியே."

"போட்டேன். அண்ணன் வண்டி வாங்குதுன்னு போட்டேன். அண்ணன்தான் போய்ட்டாரே."

செண்பகமும் அப்படித்தான் நினைத்திருந்தாள். வாங்கினவன் போய்ட்டான், வண்டி வாசலில் நிற்கிறது, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள் என்று. மாசா மாசம் போனில் ஒரு பெண் கூப்பிடும். அவர் இறந்துட்டாரும்மா என்பாள் இவள். சாரி மேடம் என்று அந்தப் பெண் வைத்துவிடும். அடுத்த மாசம் வேறொரு பெண் கூப்பிடும்.

தேவசகாயம் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவன். இருபது வருஷத்துக்கு மேல். பச்சைத் தோலைத் தொட்டியில் ஊறப்போட்டு, மயிர் கழன்றதும் தூக்கிப்போடுகிற வேலை. அந்தத் தண்ணீரில் கை ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் கூழாங்கல் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. ரேஷன் கடை மிஷினில் அவன் விரலை வைத்தால் ஒன்றும் விழாது. "யோவ், உன் விரலுக்கு அரிசி கிடையாது, வீட்டுக்காரம்மாவ அனுப்பு" என்பார் கடைக்காரர். அந்தத் தெருவில் பாதி ஆம்பளைகளுக்கு அதே கதைதான். அரிசிக்கும் பருப்புக்கும் பொம்பளைகள் போய் விரல் வைத்துவிட்டு வருவார்கள். பாத்திரம் தேய்க்கிற மாதிரி அதுவும் வீட்டுப் பொம்பளைக்கு ஒரு வேலை. யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

மூச்சு வாங்க ஆரம்பித்ததும் தேவசகாயத்தால் ஈரத்தோலைத் தூக்க முடியவில்லை. டேனரியை விட்டான். ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நிறையப் பொம்பளைகள் ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு வருகிறார்கள், பஸ்ஸை விட்டால் அரை நாள் சம்பளம் போகும், ஒரு பழைய வேன் மாதிரி கார் இருந்தால் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, கௌரவமாகப் பிழைக்கலாம் என்று கணக்குப் போட்டான். போட்ட கணக்கில் தப்பில்லை.

புகழேந்தி அப்போதுதான் வந்தான். இதே ஷூ கம்பெனியில் செக்கராக இருந்து, அதை விட்டுவிட்டு, கார் லோன் வாங்கித்தருகிற வேலைக்குப் போனவன். தெரிந்த பையன். அண்ணே அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவான்.

"வண்டி மூணு லட்சத்துப் பத்தாயிரம்ணே. நீங்க அறுபதாயிரம் குடுங்க, மீதி ரெண்டரை லட்சம் எங்க கம்பெனி குடுக்கும். ஒரு வட்டிதான். மாசம் ஏழாயிரத்து எழுநூறு, நாலு வருஷம். கண்ண மூடிக்கினு கட்டிரலாம்."

சீட்டுப் பணம் எடுத்து அறுபதாயிரத்தைக் கொண்டுபோய், இரண்டு பேரும் வேலூரில் அந்த மாடி ஆபீசில் உட்கார்ந்தார்கள். புகழேந்தி சின்ன மிஷின் ஒன்றை நீட்டினான். தேவசகாயம் கட்டைவிரலை வைத்தான். சிவப்பு. ஆள்காட்டி விரல். சிவப்பு. புகழேந்தி ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னான். தேவசகாயம் தலையில் தேய்த்து எண்ணெய் ஏற்றி வைத்துப் பார்த்தான். பத்து விரலும் சிவப்பு.

"இதுக்கும் நம்மளுக்கும் ஆவாது தம்பி. என் விரலப் பாத்தா பயந்துக்குது" என்று சிரித்தான்.

புகழேந்தி கடிகாரத்தைப் பார்த்தான். அன்றைக்கு மாசக் கடைசி. "பரவால்லண்ணே. அக்கா, நீங்க வைங்க."

அவள் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். யார் பேரில் கடன் என்று யாரும் கேட்கவில்லை. தேவசகாயமும் கேட்கவில்லை. அரிசி வாங்குகிற இடத்தில் எவன் அதைக் கேட்கிறான்? அவள் சம்பளம் வருகிற பேங்க் பாஸ்புக்கை வாங்கிக்கொண்டார்கள், எழுதாத செக்கில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், காகிதம் காகிதமாகத் திருப்பிக் கையெழுத்து வாங்கினார்கள். பொம்பளை பேர் என்பதால் சம்பளக்காரர் இன்னொருத்தர் ஜாமீன் வேண்டும் என்று, புகழேந்தி அன்றைக்கே பைக்கில் ஆம்பூருக்கு வந்தான். டீ நேரத்தில் கம்பெனி கேட்டில் குர்ஷித்தைக் கூப்பிட்டு, பைக் டேங்க்மேல் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். "எனக்கு எப்ப சவாரி?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குர்ஷித் உள்ளே ஓடினாள். பெல் அடித்துவிட்டது.

முதல் மாசமே ஒன்பதாயிரத்து நூற்றுத் தொண்ணூறு கட்டச் சொன்னார்கள்.

தேவசகாயம் போன் போட்டான். "முதல் வருஷம் அப்படித்தாண்ணே. இன்ஷூரன்ஸ், ஃபைல் சார்ஜ் எல்லாம் சேர்ந்து வரும். அப்புறம் கம்மி ஆயிடும்" என்றான் புகழேந்தி. ஒரு வருஷம் போச்சு. கம்மி ஆகவில்லை. அப்புறம்தான் தேவசகாயம் நேரில் போய்க் காகிதத்தைக் கேட்டு வாங்கினான். கடன் ரெண்டரை லட்சம் இல்லை, ரெண்டு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம். நாற்பத்தெட்டாயிரத்தை அவனுக்குத் தெரியாமல் அவன் தலையில் ஏற்றியிருந்தார்கள். அதிலே இருபத்துமூணாயிரம் உயிர் இன்ஷூரன்ஸ் என்று ஒன்று. அதுக்கும் சேர்த்து நாலு வருஷ வட்டி.

வீட்டுக்கு வந்து கத்தினான். தெருவுக்கே கேட்டது. "என் உசுருக்கு இவன் வெல வைக்கிறான், நான் கேட்டனா?" என்று. மறுநாள் சத்தமில்லாமல் வண்டியை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமையிலும் கல்யாண சவாரி, ஆஸ்பத்திரி சவாரி என்று ஓட ஆரம்பித்தான். ஒரு மாசமும் தவறாமல் கட்டினான். ஐப்பசி மழையில் ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது என்றான். வேலூருக்குக் கொண்டுபோய் மூணு நாள் வைத்திருந்தார்கள். நாலாம் நாள் அவனைக் கொண்டுவந்தது வேறு வண்டி.

அந்த உயிர் இன்ஷூரன்ஸை இப்போது கேட்டில் நின்று ஞாபகப்படுத்தினவள் குர்ஷித்தான்.

"ஏய், அண்ணன் கத்துச்சே, உசுருக்கு இருபத்துமூணாயிரம் புடிச்சிட்டானுங்கன்னு. அப்ப அது வரணும்ல? உசுரு போச்சுல்ல?"

செண்பகம் அவளையே பார்த்தாள். அஞ்சு மாசத்தில் முதல் தடவையாக நெஞ்சில் ஏதோ லேசான மாதிரி இருந்தது.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு இரண்டு பேரும் வேலூருக்குப் போனார்கள். செண்பகம் சாவு சர்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். மேனேஜர் சின்ன வயசு. மரியாதையான பையன். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கம்ப்யூட்டரில் பார்த்தான்.

"இன்ஷூரன்ஸ் இருக்கு மேடம். பாலிசி நல்லாத்தான் இருக்கு."

குர்ஷித் செண்பகத்தின் தொடையைக் கிள்ளினாள்.

"கடன் வாங்கினவங்க இறந்துட்டா மீதி கடன் முழுசும் தள்ளுபடி ஆயிடும். ஆனா..." அவன் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கடன் வாங்கினது நீங்க மேடம். இன்ஷூரன்ஸும் உங்க பேர்லதான்."

"நான் வாங்கலியே சார். அவர்தான் வாங்கினார். அவர் விரல் விழல. அதனால நான் வச்சேன்."

"வச்சவங்க பேர்லதான் ஃபைல் ஓபன் ஆவும்."

"அப்ப இவ செத்தாத்தான் கடன் தீரும், அப்டியா?" என்றாள் குர்ஷித்.

"நான் அப்படிச் சொல்லலீங்க." பையனுக்கு முகம் சுருங்கிப்போனது. கொஞ்ச நேரம் எதையோ தட்டிப் பார்த்தான். "ரேகை விழலேன்னா போனுக்கு ஒரு நம்பர் வரும். அதைச் சொன்னாலே அவர் பேர்ல போட்டிருக்கலாம். ஏன் செய்யலேன்னு எனக்குத் தெரியல. அந்த ஏஜென்ட் இப்ப இங்க இல்ல."

செண்பகம் படியைத் தடவித் தடவி இறங்கினாள். குர்ஷித் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பாதிப் படியில் நின்று, "ஏண்டி, நீ ஒருவாட்டி செத்துட்டு வந்துடேன், பேஜார் முடிஞ்சிடும்" என்றாள். செண்பகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் அந்த இருட்டுப் படிக்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேலே ஏற வந்த ஆள் ஒதுங்கி நின்று பார்த்தான். கீழே ரோட்டுக்கு வந்ததும் செண்பகம் போனை எடுத்தாள்.

புகழேந்திக்குப் போன் போட்டாள். எடுத்தான், அது பெரிய விஷயம். "அக்கா, அன்னிக்கு மாசக் கடைசி. ஒரு ஃபைல் கொறஞ்சா எனக்கு அந்த மாசக் கமிஷன் மொத்தமும் இல்ல. அண்ணன் பேர்ல போட்டிருந்தா, போனுக்கு நம்பர் வரவச்சு எல்லாம் முடிக்க மறுநாளுக்குப் போயிருக்கும். இப்டி ஆவும்னு நான் கனவா கண்டேன்?"

"அந்த நாப்பத்தெட்டாயிரம்?"

"அது எல்லா ஃபைலுக்கும் போடுறதுதாங்கா" என்றான். வைத்துவிட்டான்.

வண்டியை ஓட்ட ஒரு டிரைவரை வைத்துப் பார்க்கலாம் என்று தெருவில் சிலர் சொன்னார்கள். டீசலும் டிரைவர் சம்பளமும் போக ஒன்றும் நிற்காது என்று அவளுக்குத் தெரியும். தேவசகாயம் ஓட்டினதாலேதான் அது ஓடியது. சாவியைக் கொடுத்துவிட்டால் தலைவலி போகும் என்று நினைத்தாள். ஃபைனான்ஸ் ஆட்கள் வந்தார்கள், சந்தோஷமாக வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள். தெருமுனை திரும்புகிறவரைக்கும் வாசலில் நின்றாள். பதினைந்து நாள் கழித்து இன்னொரு காகிதம் வந்தது. வண்டி ஏலத்தில் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்குப் போனதாம். அதன் விலையில் பாதிகூட இல்லை. யார் எடுத்தார்கள், எங்கே ஏலம் விட்டார்கள் என்று எழுதவில்லை. மீதி ஒரு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரத்துச் சொச்சம் உடனே கட்டவும்.

அதன்பிறகு அவர்கள் செண்பகத்தின் வீட்டுக்கு வரவில்லை. குர்ஷித்தின் புருஷன் மக்பூல் பாய் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். காலையில் கடை திறந்ததும் இரண்டு பேர் வந்து அங்கே கிடக்கிற பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்கள். திட்டுவதில்லை, கத்துவதில்லை. ட்யூப் மாற்ற வருகிறவர்களிடம், "பாய் வீட்ல ஜாமீன் போட்டுட்டுப் பணம் கட்டமாட்டேன்றாங்க சார், அதான் காத்திருக்கோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சாயங்காலம் எழுந்து போவார்கள்.

குர்ஷித் இதைச் செண்பகத்திடம் சொல்லவில்லை. பக்கத்து மிஷினில் உட்கார்ந்து எப்போதும்போலத் தைத்தாள். பாட்டு மட்டும் முணுமுணுக்கவில்லை. செண்பகத்துக்கு விஷயம் தெரிந்தது வேறொருத்தி சொல்லி. அன்றைக்கே கடைக்குப் போனாள். மக்பூல் பாய் டயரை உருட்டிக்கொண்டிருந்தார். பெஞ்சில் இரண்டு பேர்.

"பாய், என்னை ஒரு வார்த்தை திட்டுங்க."

"எதுக்கும்மா?" அவர் நிமிரவில்லை. "பெஞ்சு சும்மாத்தான் கெடக்குது. உக்காந்துட்டுப் போறானுங்க."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

ஷூ கம்பெனிகளில் கணக்கு முடிப்பது என்று ஒன்று உண்டு. மகளுக்குக் கல்யாணம், புருஷனுக்கு ஆபரேஷன், வீட்டுக்கு ஓடு மாற்றணும் என்று பெரிய செலவு வந்தால் பொம்பளைகள் வேலையை விட்டுவிடுவதாக எழுதிக்கொடுப்பார்கள். இத்தனை வருஷ உழைப்புக்கான பணமும் பி.எஃப். பணமும் மொத்தமாக வரும். ரெண்டு மாசம் கழித்து அதே கம்பெனியில் புது ஆளாகச் சேர்ந்துகொள்ளலாம். கம்பெனிக்கும் அது நல்லதுதான். பழைய ஆளைவிடப் புது ஆளுக்குச் சம்பளம் கம்மி. செண்பகத்துக்குப் பதினேழு வருஷம். இன்னும் கொஞ்ச வருஷம் தாக்குப்பிடித்தால் அந்தப் பணத்தில் ஒரு ரூம் கட்டி, வயசான காலத்துக்கு ஒரு பெட்டிக்கடை போடலாம் என்று அவளும் தேவசகாயமும் பேசிவைத்திருந்தார்கள். பி.எஃப்.பில் பாதியை அவன் ஆஸ்பத்திரிக்கே எடுத்தாயிற்று. இப்போது மிச்சம் இருப்பது அதுதான்.

ஆபீஸ் ரூமில் இருந்த மேடம் நல்லவள். "யோசிச்சியா செண்பகம்? திரும்பி வந்தா தையல் கிடையாது. ஹெல்பராத்தான் எடுப்பாங்க. பசை தடவுற டேபிள். உனக்கப்புறம் சேர்ந்த பொண்ணுங்க உன்னை வேலை வாங்கும்."

"வாங்கட்டும் மேடம்."

மறுநாள் மிஷின் காலியாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் குர்ஷித்துக்குத் தெரிந்தது. சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"உனக்குப் புத்தி இருக்குதா? பதினேழு வருஷம்டி! யாரைக் கேட்டுப் போட்ட?"

"உன்னைக் கேட்டா விடுவியா?"

"விடமாட்டேன். அவனுங்க பெஞ்சில உக்காந்து உக்காந்து மூலம் வந்து சாவட்டும்னு விட்டிருப்பேன்."

"பாய் கடைக்கு ஆள் வர்றது கம்மி ஆயிடுச்சு. எனக்குத் தெரியும்."

"அது எங்க பாடு."

"என் விரல் வச்ச கடன், குர்ஷித்து."

குர்ஷித் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் செண்பகம் டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை ஜாஸ்தி என்று திட்டிக்கொண்டே அவள் குடித்தாள்.

பணம் வருகிறவரைக்கும் ரெண்டு மாசம் வீட்டிலேயே ஷூ மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுத்தாள். ஷூ கம்பெனி ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவான், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. தடித்த ஊசி, மெழுகு நூல். பகலெல்லாம் தைத்தால் அரிசிக்கும் காய்க்கும் ஆகும். உட்கார்ந்து தைக்கும்போது தேவசகாயத்தை மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்தாள். ஏன்யா, நாளைக்கு வர்றோம் தம்பின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எழுந்து வந்திருக்கக் கூடாதா? ஒரு நாள்தானே. உனக்கு என்ன அவசரம்? அவன் பதில் சொல்லமாட்டான். அவள் நூலை இழுத்து முடிச்சுப் போடுவாள். அவன் செத்ததிலிருந்து அவனோடு அவளுக்கு இருந்த பேச்சு அது ஒன்றுதான்.

பணம் ஒரு லட்சத்து எழுபத்துநாலாயிரம் வந்தது. ஃபைனான்சில் ஒரே தவணையில் கட்டினால் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு முடித்துக்கொள்கிறோம், மீதியைத் தள்ளுபடி செய்கிறோம் என்றார்கள். குர்ஷித்தும் கூட வந்தாள். கூட வராமல் இருக்கமாட்டேன் என்றாள்.

அதே மாடி. அதே நாற்காலி. கேஷ் கவுண்டரில் இருந்த பெண் நோட்டை மிஷினில் போட்டது. மிஷின் கடகடவென்று எண்ணியது. பதினேழு வருஷமும் அதில் ஓடி முடிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மேனேஜர் பையன் கடன் முடிந்தது என்று சீல் வைத்த காகிதம் ஒன்றும், அவளுடைய எழுதாத செக்குகளும், ஜாமீன் காகிதமும் கொடுத்தான். குர்ஷித் தன் பேரைத் தேடிப் பார்த்து, காகிதத்தை நாலாக மடித்து, பர்சில் போட்டு, ஜிப்பை இழுத்தாள்.

"இனிமே எங்ககிட்டேருந்து யாரும் வரமாட்டாங்க மேடம். போன்கூட வராது" என்றான் பையன்.

"சரிப்பா" என்றாள் செண்பகம்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆம்பூர் பஸ் நிற்கிற இடத்தில் நிழலில் ஒதுங்கி நின்றபோது, வழக்கம்போல அவனைத் திட்டலாம் என்று மனசுக்குள் வாயைத் திறந்தாள். திட்ட ஒன்றும் இல்லை. கடன் முடிந்துவிட்டது. அவன் இல்லை என்பது மட்டும் அப்படியே இருந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சத்தம் அடங்கவில்லை. பக்கத்தில் நின்ற பூக்காரி திரும்பிப் பார்த்தாள்.

ஆம்பூர் ஆம்பூர் என்று கூவிக்கொண்டே ஒரு பஸ் வந்து நின்றது. உட்கார இடம் இருந்தது. குர்ஷித் ஏறாமல் அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு, கண்டக்டரைப் பார்த்து, நீ போப்பா என்று தலையை ஆட்டினாள்.